ஜெயபாலின் நூற்றெட்டுக் கட்டங்கள்

இருபத்திரண்டு குழந்தைகளுக்கு ஒரே கழிப்பறை என்ற விவரம் ஜெயபாலுக்குத் திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குத்தான் தெரியவந்தது. அதற்குள் அட்டவணை சுவரில் ஏறிவிட்டது.

அது சாதாரண அட்டவணை அல்ல. எட்டடி நீளம், நான்கடி உயரம். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரைக்குமான ஒன்பது மணி நேரத்தை ஐந்தைந்து நிமிடமாக நறுக்கி நூற்றெட்டுக் கட்டங்கள். பாட்டுக்குச் சிவப்பு, சாப்பாட்டுக்குப் பச்சை, தூக்கத்துக்கு நீலம். சிறுநீருக்கு, பொருத்தம் பார்த்து, மஞ்சள். அந்த மஞ்சள் கட்டம் பத்துப் பத்திலிருந்து பத்தேகால் வரை. ஜெயபால் பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே வகுத்துப் பார்த்தார். தலைக்குப் பதின்மூன்று புள்ளி ஆறு விநாடி வந்தது.

"முடியும்," என்றார். "நிஜார் பட்டனை க்ளாஸ்லயே கழட்டிட்டு ரெடியா நின்னா முடியும்."

அவர் மனைவி ஞானகுமாரி ஈரத் தரையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், துடைக்கத் துணி தேடினாள்.

கொரட்டூரில் தன் வீட்டுக் கூடத்தில் பதினோரு வருடமாக அவள் நடத்திவந்தது 'புதுமலர் நர்சரி'. பகல் பன்னிரண்டோடு முடியும் அரை நாள் பள்ளி. மண்ணூர்பேட்டையில் எக்ஸ்போர்ட் கம்பெனிகள் முளைத்துத் தாய்மார்கள் தையல் மெஷினுக்குப் போக ஆரம்பித்த பிறகு, பன்னிரண்டு மணிக்கு வந்து பிள்ளையைக் கூட்டிப்போகப் பாதி வீட்டில் ஆள் இல்லை. முழு நாள் நடத்தாவிட்டால் ஜூனில் வேறு பள்ளி பார்த்துக்கொள்வதாகப் பன்னிரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். மிச்சப் பத்துக் குழந்தைகளை வைத்துக்கொண்டு நடத்த முடியாது. பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டியதுதான். அனுமதி கேட்டு எழுதிப்போட்டதற்கு, வெள்ளிக்கிழமை ராபியா பேகம் என்ற அதிகாரி நேரில் வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பார் என்று பதில் வந்திருந்தது. ஒத்திகையாக அந்த வாரம் முழுக்கவே மாலை வரை பள்ளி நடத்துவதென்று ஏற்பாடு. முழு நாளுக்கான நேர அட்டவணையைச் சுவரில் வைத்திருக்க வேண்டும் என்பது கடிதத்தின் கடைசி வரி.

அந்தக் கடைசி வரியைக் கணவர் காதில் விழும்படி படித்ததுதான் ஞானகுமாரி செய்த ஒரே தப்பு.

ஜெயபால், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்ட அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதத்தில் பால் காய்ச்சுவதற்கு ஓர் அட்டவணை, துணி உலர்வதற்கு ஓர் அட்டவணை, சபையில் ஆயர் பிரசங்கம் பண்ணுவதற்கு ஓர் அட்டவணை என்று மூன்று போட்டிருந்தார். பாலும் துணியும் வாயில்லாதவை. ஆயர் மட்டும் இவரைத் தெருவில் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ரயில்வே கேட் சுற்றிப் போனார்.

தொழிற்சாலையில் நிலைமையே வேறு. மாதம் பிறந்தால் அவர் அறையிலிருந்து ஆறடி சார்ட் ஒன்று வெளியே வரும். ஃபோர்மேன் தங்கவேல் இரண்டு ஆட்களோடு வந்து அதைத் தூக்கிப்போய், கேன்டீன் நடையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுவார். திருத்தம் கேட்டு ஒருத்தன் வந்ததில்லை. சந்தேகம் கேட்டு ஒருத்தன் வந்ததில்லை. "சார் மெஷின் ஓடுற ஷாப் ஃப்ளோருக்கெல்லாம் வந்து சிரமப்படக் கூடாது" என்று தங்கவேல் டீயைக்கூட அறைக்கே அனுப்பிவிடுவார். ஜெயபால் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். "முப்பத்தோரு வருஷம். என் சார்ட்டால ஒரு நிமிஷம்கூட வீணாப் போனதில்ல" என்று அவர் சொல்லாத நாள் காலண்டரில் கிடையாது.

தங்கவேலும் ரிட்டயராகிவிட்டார். அவர் பேத்தி பொன்மணி புதுமலரில்தான் படித்தாள். திங்கட்கிழமை அவளைக் கூட்டிப்போக வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டு தானாக இறங்கிக் கைக்கு வந்தது.

"இங்கயும் போட்டுட்டீங்களா சார்," என்றார்.

"எப்படி இருக்கு, தங்கவேல்?"

"நல்லா பெர்சா கீது சார்."

இதற்குமேல் ஒரு பாராட்டு வேண்டுமா? செவ்வாய்க்கிழமை ஜெயபால் சிறுநீரை அகர வரிசைப்படுத்தினார். ஆளுக்கு மூன்று நிமிடம். முதலில் அகஸ்டின், பத்துப் பத்து. கடைசியில் வேதவல்லி, பதினொன்று பதின்மூன்று. அகஸ்டினுக்கு வரவே இல்லை. ஆனாலும் நேரம் ஒதுக்கியாகிவிட்டதால் மூன்று நிமிடமும் உள்ளே நிற்கவைக்கப்பட்டான். வேதவல்லிக்குப் பத்தரைக்கே வந்துவிட்டது. இன்னும் நாற்பத்து மூன்று நிமிடம் இருக்கிறது என்று ஜெயபால் கடிகாரத்தைக் காட்டி அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே, விளக்கத்துக்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது.

பள்ளியின் ஆயா வேம்புலியம்மாள் துணியும் வாளியுமாக வந்தாள்.

"ஐயா, அதுங்களுக்கு வந்தா அதுங்களே எய்ந்து நிக்கும். கால மாத்தி மாத்தி வெச்சிக்கும். அத்த பாத்துகினா போதும் ஐயா."

கால் மாற்றுவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஜெயபால் அவளைக் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அத்தோடு அந்த யோசனை தள்ளுபடியானது.

புதன்கிழமை டோக்கன் முறை வந்தது. தொழிற்சாலையில் கருவி எடுக்க டோக்கன் கொடுப்பதுபோல, கழிப்பறை போக ஆளுக்கு ஓர் அலுமினிய வில்லை. திரும்பி வந்து கொடுத்துவிட வேண்டும். இருபத்திரண்டு பேருக்கும் வில்லை பிடித்துப்போயிற்று. வில்லையை வாங்குவதற்காகவே ஆளுக்கு ஏழு தடவை போனார்கள். அது தண்ணீரில் மிதக்குமா என்ற ஆராய்ச்சி பதினொரு மணிக்குத் தொடங்கியது. மிதக்காது என்ற முடிவு பதினொன்றேகாலுக்குக் கிடைத்தது. கழிப்பறை அடைத்துக்கொண்டது. வேம்புலியம்மாள் குச்சியைவிட்டுப் பதினாறு வில்லைகளை மீட்டாள். மிச்சம் ஆறும் கொரட்டூர் ஏரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அன்றே தூக்கத்துக்கும் அனர்த்தம் பிறந்தது. ஒரு மணி முதல் இரண்டரை வரை நீலக் கட்டங்கள் பதினெட்டு. யார் விழித்திருக்கிறார்கள் என்று ஜெயபால் நோட்டும் கையுமாகப் பாய்களுக்கு நடுவே நடந்தார். தன் பெயரை எழுதுகிறாரா என்று பார்க்க ஒவ்வொரு குழந்தையும் கண்ணைத் திறந்தது. திறந்த கண்ணை அவர் எழுதினார். எழுதுவதைப் பார்க்க அடுத்தது திறந்தது. உடனே ஒரு சலுகை அறிவித்தார்: தூங்கும் குழந்தைக்கு ஒரு பிஸ்கட். இரண்டு நிமிடத்தில் இருபத்திரண்டு பேரும் எழுந்து வரிசையில் நின்று, தாங்கள் தூங்கிவிட்டதாகத் தெரிவித்தார்கள்.

வியாழக்கிழமை சைரன்.

பிரிவுபசார விழாவில் மோதிரம் வேண்டாமென்று சொல்லி அவர் கேட்டு வாங்கிவந்த பழைய தீயணைப்புச் சைரன் பரணில் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் ஊளையிடும். ஒரு மணிக்குப் படுக்க ஒரு ஊளை, இரண்டரைக்கு எழ ஒரு ஊளை. முதல் ஊளையில் தெருநாய்கள் நான்கு சேர்ந்துகொண்டன. குழந்தைகள் எட்டுப் பேர் அழுதார்கள். மூன்றாவது வீட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் ஷிப்ட் சைரன் என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, பாடியிலிருக்கும் கம்பெனி வரை சைக்கிளில் போய்விட்டுத் திரும்பினார்.

சைரனுக்கு வேறொரு அர்த்தம் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன் இருந்தான். நாலரை வயதுக் குணசேகரன். அவன் அப்பா எஸ்டேட்டில் யூனியன் செயலாளர். இரண்டரைக்கு இரண்டாம் ஊளை கேட்டதும் குணசேகரன் எழுந்தான், கேட்டுக்குப் போனான், கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மற்ற இருபத்தோரு பேரும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"வேண்டும் வேண்டும்," என்றான் குணசேகரன்.

"பிச்சுகட் வேண்டும்," என்றது கூட்டம்.

குழந்தைகளை நாலு அதட்டு அதட்டினால் முடிந்துபோயிருக்கும். ஆனால் முப்பத்தோரு வருடப் பழக்கம் யாரை விட்டது? ஜெயபால் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் நடந்தது. தலைக்கு இரண்டு பிஸ்கட், சைரன் ரத்து, தூக்கம் விருப்பப்படி என்று ஒப்பந்தமாயிற்று. தாளின் அடியில் ஜெயபால் கையெழுத்துப் போட்டார். குணசேகரன் அந்த வாரம் கற்றிருந்த ஒரே எழுத்தான 'ப'வைப் போட்டான்.

மாலையில் ஞானகுமாரி ஒரு குழந்தை நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு ஒரு நாள் நூம்பலில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வரச் சொல்லிக் கணவரைக் கெஞ்சிப் பார்த்தாள். இக்கட்டான நேரத்தில் இடத்தைவிட்டு நகர்கிற ஆள் தான் இல்லை என்றார் அவர்.

"பதினோரு வருஷம்ங்க," என்றாள்.

ஜெயபால் ஸ்கெட்ச் பேனாக்களை எடுத்துக்கொண்டு திருத்தம் செய்யப் போனார். வேம்புலியம்மாள் டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"ஐயா எங்கயும் போவ மாட்டாரு டீச்சர். நாளைக்கி வர்ற அம்மாவுக்கு அந்தச் சார்ட்ட எடுத்துச் சொல்லச் சொல்லுங்க. நூத்தெட்டையும். பசங்கள நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ராபியா பேகம் வந்தார். கறுப்புக் குடை, தடித்த கண்ணாடி, தடித்த நோட்டு. சிரிக்கிற முகம் இல்லை. ஜெயபால் கையில் பிரம்புக் குச்சியோடு சுவரோரம் நின்று முதல் கட்டத்தைத் தொட்டார். சார்ட் முன்னாலிருந்ததால் வகுப்பு அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அன்று முழுக்க அது அங்கேயே இருந்தது.

பதினாறாவது கட்டத்தில் அவர் எட்டரை மணி வணக்கத்துக்கும் எட்டு முப்பத்தைந்து வணக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கே திரும்பிப்போய் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி கால் மாற்றினாள். வேம்புலியம்மாள் அவளையும், பக்கத்தில் சந்தேகமாக இருந்த மூன்று பேரையும் சத்தமில்லாமல் கூட்டிப்போனாள். திரும்பினாள். அடுத்த மூன்று. தரை காய்ந்தே இருந்தது. மணல் தொட்டியில் சலிப்புத் தட்டியதும் பாட்டு வந்தது. பாட்டில் குரல் இறங்கியதும் சோறு வந்தது. சோறு முடிந்ததும் வேம்புலியம்மாள் ஜன்னலைச் சாத்தி, பாய்களை விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, யாரையும் தூங்கச் சொல்லாமல் தானே குறட்டை விட ஆரம்பித்தாள். வேறு பொழுதுபோக்கு இல்லாததால் ஒவ்வொரு குழந்தையாகச் சரிந்தது. ஐம்பத்தேழாவது கட்டம் வாக்கில் ராபியா பேகத்தின் கண்ணாடியும் மூக்கில் கொஞ்சம் இறங்கியது.

சைரனும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. மூன்று மணி வாக்கில் வேம்புலியம்மாள் வேர்க்கடலை வேகவைத்த பானையின் மூடியைத் திறந்தாள். வாசனை கூடத்துக்குள் வந்தது. இருபத்திரண்டு தலைகள் எழுந்தன. இருபத்து மூன்றாவதாக அதிகாரியின் தலையும்.

"மூணேகால், ஆங்கிலப் பாட்டு," என்றார் ஜெயபால் சுவரிடம்.

ஐந்தரைக்கு ராபியா பேகம் நோட்டை மூடினார். அனுமதிப் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஞானகுமாரியிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"நாப்பது பள்ளிக்கூடம் பார்த்துட்டேம்மா," என்றார் அதிகாரி. "பசிக்கிறப்ப சாப்பாடு, அசதிக்குத் தூக்கம்னு இப்படி ஒரு நாளை எங்கயும் பார்க்கல. யார் யோசிச்சு வெச்சது?"

"எங்க ஆயா..." என்று ஞானகுமாரி ஆரம்பிப்பதற்குள் ஜெயபால் இரண்டடி முன்னால் வந்துவிட்டார். வேம்புலியம்மாள் கொல்லையில் பாய் உதறிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சுவரில் இருக்கு மேடம். முப்பத்தோரு வருஷ அனுபவம்."

ராபியா பேகம் சார்ட்டைப் பார்த்தார், தரையில் கிடந்த கடலைத் தோலைப் பார்த்தார். மூணேகாலுக்கு ஆங்கிலப் பாட்டு என்றல்லவா போட்டிருக்கிறது என்றார். சிறு விலகல் சகஜம் என்றார் ஜெயபால். இதன்படிதான் நாள் நடந்ததா என்று அதிகாரி மறுபடி கேட்டார். குரலில் சந்தேகம் தட்டியது.

பேத்தியைக் கூட்டிப்போகத் தங்கவேல் அப்போதுதான் படியேறினார். ஜெயபாலின் முகம் மலர்ந்தது.

"இதோ, எனக்குக் கீழ வேலை செஞ்ச ஆள். இவரையே கேளுங்க மேடம். தங்கவேல், உள்ளதச் சொல்லு. என் சார்ட்டால ஒரு நிமிஷமாவது வீணாப் போயிருக்கா?"

தங்கவேல் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார். சாருக்காகச் சாட்சி சொல்லும் பெருமை அவர் முகத்தில் நிஜமாகவே இருந்தது.

"சத்தியமாம்மா, சார் சொல்றது மெய்தான். முப்பத்தோரு வருசத்துல அந்தச் சார்ட்டால எங்களுக்கு ஒரு நிமிசங்கூட வீணானதில்ல. யாருனா நின்னு அத்த படிச்சாத்தானே."