சிம்மில் வைத்த ஊஃபர்

எனக்குத் தெரியாத காரியம் என்று ஒன்று இருப்பதாக அறுபத்தாறு வயது வரை நான் நினைத்ததே இல்லை. அந்த நினைப்பு ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனது. போகும்போது பெரிய சத்தத்தோடு போனது.

(எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு தீப்பெட்டி ஒட்டப் போனவள் நான். பிழை திருத்த வீட்டில் ஆள் இருக்கிறது. அது யார் என்பது போகப் போகத் தெரியும்.)

என் மகன் முத்துராஜ் பிக்கப் வண்டி வைத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி லோடு அடிக்கிறான். முப்பத்திரண்டு வயதாகியும் பெண் அமையவில்லை. இரண்டு இடத்தில் "டிரைவருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதாக வெம்பக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியது. பெண் பெயர் மாரீஸ்வரி. எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. இந்த இடமும் தட்டிப்போனால் இவன் தனிமரம்தான் என்று எனக்குப் பயம்.

வந்தவர்கள் அசந்துபோக ஏதாவது செய்ய வேண்டும். வீட்டைப் பெரிதாக்க முடியாது. மகனைப் பேச வைக்கவும் முடியாது, அவன் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அதிகம். மிச்சம் இருந்தது வண்டி. அதிலும் ஒரு குறை. வண்டியோடு வந்த பாட்டுப்பெட்டி கொசு பாடுவது மாதிரி பாடும். மேலத்தெருப் பேச்சியம்மா மகன் வண்டியோ, வருவதற்கு முன்னாலேயே நம் நெஞ்சுக்குள் அதிரும்.

"ஏலே முத்து, பேச்சி மகன் வண்டியில தும்மு தும்முனு கேக்கே, அது எதுலலே வருது?"

"ஊஃபரும்மா. அதுக்கு ஆம்ப்ளிஃபயர் தனியா மாட்டணும். லோடு வண்டிக்கு எதுக்கு அதெல்லாம்?"

"பொண்ணு வீட்டுக்காரக வாராகல்ல. வாசல்ல வண்டி நிக்கிற தோரணையே வேறயா இருக்கணும்."

பத்து வார்த்தையும் தீர்ந்துவிட்டதால் அவன் மறுக்கவில்லை.

சிவகாசியில் பாட்டுச் செட்டு மாட்டும் கடைக்கு நானும் கூடவே போனேன். (நான் இல்லாமல் ஒரு வேலை உருப்படியாக நடக்குமா?) பழைய பாட்டுப்பெட்டியைக் கழற்ற வேண்டாம், அதன் ஸ்பீக்கர் வயரிலிருந்தே பாட்டைப் பிரித்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கலாம் என்றார் கடைக்காரர். கரண்டு மட்டும் பேட்டரியிலிருந்து நேராக வந்தது. ஆம்ப்ளிஃபயர் சீட்டுக்கு அடியில் போனது. ஊஃபர் பெட்டியை சீட்டுக்குப் பின்னால் திணித்ததில் சீட்டு முன்னால் வந்து, என் நெட்டை மகனின் முழங்கால் ஸ்டியரிங்கைத் தொட்டது. வெட்டுக்கிளி வண்டி ஓட்டுவது போல இருந்தான்.

கடைசியாக ஆம்ப்ளிஃபயரில் இருந்த சின்னக் குமிழைக் கொஞ்சமாகத் திருப்பி வைத்துவிட்டு, "இத மட்டும் யாரும் தொட்றாதீக பெரியம்மா" என்றார். அந்த 'யாரும்' என்பதில் நான் சேர்த்தி இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் எனக்கு ஒரு யோசனை. வருகிறவர்கள் மரியாதைப்பட்டவர்கள். எடுத்த எடுப்பில் சத்தமாகப் பாடினால் ரவுடிக் குடும்பம் என்று நினைத்துவிட்டால்? மெதுவாக ஆரம்பித்துப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். பட்டுச்சேலையோடு குனிந்து சீட்டுக்கடியில் கையை விட்டேன். கேஸ் அடுப்பு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், குமிழைக் கொஞ்சம் திருப்பினால் பெருந்தீ, கடைசி வரை திருப்பினால் சிம். நானும் அதைக் கடைசி வரை திருப்பி, சிம்மில் வைத்துவிட்டேன் என்ற திருப்தியோடு கை கழுவப் போனேன்.

பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன் என்று மூன்று பேர் வந்தார்கள். அப்பா மானாவாரி விவசாயம் பார்ப்பவர். என் மகனுக்கு அண்ணன் போல, அவரும் பேசவில்லை. நான் ஒருத்தியே எல்லாருக்கும் சேர்த்துப் பேசினேன்.

"பொண்ணு வரலையா மதினி?"

"சீசன்ல எங்க லீவு குடுக்காக? கம்பெனிக்குள்ளதான் வேலையில இருக்கா" என்றார் பெண்ணின் அம்மா.

அவர்கள் வந்த வேன் தெருவை அடைத்து நின்றதால், பிக்கப்பைத் தள்ளி நிறுத்த மகன் போனான். சாவியைத் திருப்பினான்.

சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. தரைக்கு அடியிலிருந்து ஒரு குத்து. தகரக் கூரை நடுங்கியது, தட்டுகள் அலமாரியிலிருந்து குதித்தன, காப்பி டம்ளருக்குள்ளேயே அலையடித்தது. ஒரே ஒரு 'தும்'. அப்புறம் அமைதி. (ஆம்ப்ளிஃபயர் அளவுக்கு மீறினால் தானாக நின்றுகொள்ளுமாம். பிறகு சொன்னார்கள்.)

வேறு ஊராக இருந்தால் என்ன சத்தம் என்று கேட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை, கம்பெனியில் வெடிதான். அடுத்த நொடி தெரு முழுக்க ஆள். எல்லார் தலையும் கிழக்கே, புகை தெரிகிறதா என்று. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் போன் போட்டும் பிரயோசனமில்லை. ஓடத்தான் வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் அங்கே திரி வெட்டியவள் நான். முதலில் ஓடியது நான்தான். ஊஃபர் பெட்டி என் ஞாபகத்திலேயே இல்லை.

பெண்ணின் அப்பா வாசலில் நின்று, "எம்புள்ள உள்ள இருக்கா" என்றார்.

"ஏறுங்க" என்றான் முத்து. பின்னால் இருந்த அட்டைப்பெட்டிகளை இழுத்துத் தெருவில் தள்ளிவிட்டு, ஏறியவர்களோடு கம்பெனிப் பக்கம் வண்டியைத் திருப்பினான். வழியில் என்னையும் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் கடலை உரித்துக்கொண்டிருந்தார். "என்ன, ஊரே வந்துருக்கீக?"

முத்து வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பி அணைத்தான். "உள்ள எங்க வெடிச்சது?"

"இங்க ஒண்ணும் வெடிக்கலையே."

எதற்கும் சுற்றிப்போய்ப் பார்க்கலாம் என்று மறுபடி சாவியைத் திருப்பினான். தும். தும் தும். தும். நாங்கள் நின்றிருந்த வண்டிப் பலகை காலுக்கடியில் குதித்தது.

வாட்ச்மேன் கடலைத் தொலியை ஊதிவிட்டு, "வெடி எங்கனலே தாளத்துல வெடிக்கும்? ஒங்க வண்டிய பாருங்க" என்றார்.

எல்லாரும் வண்டியைப் பார்த்தார்கள். முத்து என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"அம்மா, குமிழத் தொட்டியா?"

"சிம்முலதாம்ல வச்சேன்."

அதற்குள் சத்தம் கேட்டு உள்ளே இருந்த பெண்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். கையெல்லாம் அலுமினியத் தூள் மினுங்க ஒருத்தி முன்னால் வந்தாள். "என்னப்பா, மாப்பிள்ள வீட்டுக்குப் போறேன்னுட்டு ஊர்வலத்தோட இங்க வந்துட்டீக?"

அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு அவள் அப்பா அப்படியே வண்டிப் பலகையில் உட்கார்ந்தார். அப்போதுதான் பேச்சியம்மா சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு எல்லாரும். கிழக்கே ஓடிய எங்கள் ஊர் சிரித்துக்கொண்டு திரும்பியதை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தட்டிப்போன மூன்றாவது இடத்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முத்து குமிழைப் பழையபடி குறைத்து வைத்தான். திரும்பும் வழியில் பெண்ணின் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று கண்ணாடி வழியாகக் காதைக் கொடுத்தேன்.

"வெடின்னு நெனச்சுட்டு, வண்டிய வெளிய ஓட்டாம கம்பெனிப் பக்கம் ஏன் திருப்புனீக?"

"ஆளுகள ஏத்தணும்ல."

"சரி மாப்பிள்ள" என்றார் அவர்.

அந்த வைகாசியில் கல்யாணம். ஊஃபரைக் கழற்றவில்லை. குமிழுக்குப் பக்கத்தில் மாரீஸ்வரி நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறாள், அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது. இந்த முறை அந்த 'யாரும்' யார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இதைத் திருத்தித் தருகிறவளும் அவள்தான். இப்போதுகூட அடுப்படியிலிருந்து குரல் வருகிறது.

"அத்தை, நான் துணி காயப்போடப் போறேன். பாலைக் கொஞ்சம் சிம்முல வைங்க."

அப்புறம் வாசலில் நின்று திரும்பி, "அடுப்புச் சிம்மு" என்கிறாள்.