மாப்பிள்ளைக்கு இரண்டேமுக்கால் வோல்ட்

பெனினின் வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது.

"மக்கா... பெனினு... கேக்குதா?" கிளீட்டஸ் மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக் கத்தினார். கம்ப்யூட்டர் திரையின் மூலையில், தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் இருந்த மஸ்கட் மாப்பிள்ளை அசையவில்லை. சத்தமும் இல்லை. ஒரு நிமிஷம் போனது. பிறகு படமே அணைந்துபோனது.

"போச்சு," என்றாள் அவர் மனைவி செசிலி. "போன வெள்ளிக்கிழமையும் இப்படித்தான். நல்லாத்தான் பேசிட்டிருந்தான். லீவு எப்பம் மக்கான்னு நீங்க கேட்டிய, நின்னு போச்சு."

கிளீட்டஸ் நோட்டை எடுத்து எழுதினார்: 'மாலை 6.10, நலம் விசாரிப்பு, சரி. 6.13, சாப்பாடு விசாரிப்பு, சரி. 6.17, லீவு விசாரிப்பு. படம் நின்றது.' அடியில் கையெழுத்தும் போட்டார்.

மணவாளக்குறிச்சி மணல் ஆலையில், எலக்ட்ரிக்கல் பிரிவில், அவருக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஷிஃப்டு முடிகிறபோது ரீடிங் எழுதிக் கையெழுத்துப் போட்ட கை, வீட்டிலும் சும்மா இருக்காது. ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருள் நின்றுபோனால் அதற்குக் காரணம் வோல்டேஜ் குறைவுதான் என்பது அவருடைய முடிந்த முடிவு. செசிலிக்கு முழங்கால் வலி வந்தபோதுகூட, "உனக்கு வோல்டேஜ் கம்மி, ஏத்தங்காய் ரெண்டு கூடத் தின்னு" என்றுதான் சொன்னார்.

நின்றது சின்ன விஷயம் என்றால் பரவாயில்லை. அது 2006 ஜனவரி. மகள் பெபிஷாவுக்கும் பெனினுக்கும் நிச்சயம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவசு காலம் பிறந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் முடிக்க வேண்டுமென்றால், மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும்: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. ஓலை வாசிக்கப் பங்குச் சாமியாருக்குத் தேதி வேண்டும். தேதி குறிக்க மாப்பிள்ளையின் லீவு வேண்டும். லீவைக் கேட்டால் படம் நின்றுவிடுகிறது. இந்தத் தடவை தவறினால் அடுத்த லீவு கிறிஸ்துமஸுக்குத்தான் என்று பெனினே முன்பு சொல்லியிருந்தான்.

போன் போட்டுப் பார்க்காமல் இல்லை. "சைட்ல நிக்கேன் மாமா, வெள்ளிக்கிழமை சாட்டிங்ல வாறேன்" என்று வைத்துவிடுவான்.

பாவம், பெபிஷா. வெள்ளிக்கிழமை ஆனால் இஸ்திரி போட்ட சுடிதாரும் தலையில் பிச்சிப்பூவுமாகக் கதவோரம் வந்து நின்றுகொள்வாள். முறைப்படி முதலில் அப்பா, அப்புறம் அம்மா, கடைசியில் அவள். அவள் முறை வருவதற்குள் மாப்பிள்ளை நின்றுவிடுவான். இதுவரை அவள் பேசக் கிடைத்தது ஒரே ஒரு 'ஹலோ'. அதிலும் 'லோ' போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் கோயில் உபதேசியார் மத்தியாஸ். "பையன் தங்கம். மேலதிகாரி முன்னால வாயத் திறந்து ஒண்ணு கேக்க மாட்டான். அவ்வளவு கூச்சம்" என்று அவர் சொன்னபோது, "எனக்கு அந்தக் குணம்தான் வேணும்" என்று கிளீட்டஸ் உடனே சம்மதித்திருந்தார். அதே மத்தியாஸ்தான் இப்போது ஒவ்வொரு பூசை முடிந்தும் கோயில் வாசலில் நிறுத்தி, "ஓலை எப்பம் கிளீட்டசு?" என்று கேட்கிறார்.

"இந்த வாரம் சரி பண்ணிருதேன்," என்பார் கிளீட்டஸ்.

முதல் வாரம் ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றிக் கம்ப்யூட்டருக்கு மாட்டினார். கம்ப்யூட்டருக்கு இருநூற்று முப்பது வோல்ட் ஆடாமல் அசையாமல் வந்தது. ஃபிரிட்ஜ் மூன்றாம் நாள் உறுமி ஓய்ந்தது. உள்ளே இருந்த அரைக் கிலோ நெய்மீன் வீடு முழுக்கத் தன் இருப்பை அறிவித்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரமடி வலையில் பட்ட மீனோடு ராகேல் வந்தாள். அந்தத் தெருவுக்கு வெள்ளிக்கிழமை மீன் அவளுடைய கூடையில்தான் வரும்.

"அண்ணி, நல்ல சாளை கிடக்கு. ஒரு கூறு கூட வைக்கட்டா?"

"இன்னைக்குக் குழம்புக்கு மட்டும் போதும் ராகேலு. ஃபிரிட்ஜோட சாமானத்த மாப்பிள்ளைக்கு மாட்டியாச்சு."

ராகேல் உள்ளே எட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் கிளீட்டஸின் முதுகு மட்டும் தெரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

அன்றைக்கும் படம் 6.17க்கு, லீவு விசாரிப்பில்தான் நின்றது.

திங்கட்கிழமை கிளீட்டஸ் பெட்டியை ஒரு பழைய சேலையில் பொதிந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வடசேரிக்குப் போனார். அங்கே காய்கறிச் சந்தைக்குப் பக்கத்து மாடியில் வினோஜ் என்ற இளைஞன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறான். எந்த வியாதி சொன்னாலும் முதலில் திருகைக் கழற்றிவிட்டுத்தான் காது கொடுப்பான்.

"மெமரி பத்தல சார். இன்னொண்ணு போட்டுருவோம்," என்றான்.

போட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்தது. கிளீட்டஸ் நோட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"செசிலி, போன வாரம் 6.17க்கு நின்னுது. மெமரி ரெண்டாக்கின பிறவு 6.14க்கே நின்னுட்டு. மூணு நிமிஷம் நஷ்டம்."

"நீங்க மூணு நிமிஷம் முன்னாலயே லீவக் கேட்டுட்டிய."

"அதுக்கு?"

"நான் சாப்பிட்டியா மக்கான்னு கேட்டா பதில் வருது. சளி போச்சான்னு கேட்டா வருது. உங்க கேள்விக்கு மட்டும்தான நிக்குது!"

கிளீட்டஸ் யோசித்தார். "சளி, சாப்பாடு எல்லாம் லேசான கேள்வி. இது கனமான கேள்வி. லோடு கூடுது," என்றார். எழுதியும் வைத்தார்.

மறுபடி பெட்டியோடு வடசேரிக்குப் போய் இந்த லோடு விஷயத்தை வினோஜிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. அதுதான் வினையானது.

"இருக்கும் சார். ரெண்டு மெமரிக்கும் சேத்து போர்டு குடுக்குறது ரெண்டரை, ரெண்டு புள்ளி ஆறு வோல்ட்டுதான். பத்தாது."

கிளீட்டஸ் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "மெமரிக்கும் வோல்டேஜ் உண்டுமா?"

"பின்னே? உள்ள செட்டிங்ஸ்ல கூட்டலாம், ஆனா ரெண்டு ஏழுக்கு மேல போகாது. அதுக்கு மேல வேணும்னா ஒரு வழி இருக்கு. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் படம் போட்டு எழுதிருக்கான்." மதர்போர்டில், மெமரி செருகும் இடத்துக்குப் பக்கத்தில், அரிசிக் குறுணையில் பாதியளவு இருந்த ஒரு கறுப்புப் புள்ளியை வினோஜ் குண்டூசியால் தொட்டுக் காட்டினான். "இதுதான் தடை. இது மேல 2பி பென்சிலால மெல்ல வரையணும். பென்சில் கரி கரண்டு கடத்தும்லா? தடை குறையும், வோல்டேஜ் கூடும். கூடிப் போச்சுன்னா ரப்பர் வச்சு அழிச்சிரலாம்."

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ டிரான்ஸ்ஃபார்மர் பார்த்தவர் கிளீட்டஸ். பென்சிலால் வோல்டேஜ் வரையலாம், ரப்பரால் அழிக்கலாம் என்று ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவருக்குக் கண் கலங்கியது.

வீட்டில் பெபிஷா விளக்குப் பிடிக்க, செசிலி வேர்வை துடைக்க, கிளீட்டஸ் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கோடு; மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். இன்னொரு கோடு, பார்த்தார். இரண்டேமுக்கால்!

"மாப்பிள்ளைக்கு இரண்டேமுக்கால் வோல்ட் ஆச்சு," என்று அடுக்களைக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை, "சாப்பிட்டியா மக்கா?" என்று செசிலி வாயெடுத்ததும் கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழும்பியது. மறுபடி "சாப்பிட்டியா" வரைக்கும் வந்தது. மறுபடி அணைந்தது. ஐந்து தடவை ஆனது. அந்தப் பக்கம் பெனின் ஐந்து தடவையும் "சாப்பிட்டேன் அத்தை" என்று சொல்லி ஓய்ந்திருப்பான். அன்றைக்கு லீவு வரைக்கும் போகவே முடியவில்லை.

"முன்னயாவது கொஞ்ச நேரம் முகத்தப் பாத்தோம்," என்றாள் பெபிஷா. அவள் அவ்வளவு பேசியதே அதிகம். கிளீட்டஸுக்குச் சுருக்கென்றது.

ரப்பரை எடுத்தார். அழித்தார், வரைந்தார், அழித்தார். ரீடிங் ஏறியது, இறங்கியது. பதினெட்டாவது தடவை அழித்தபோது குறுணையே போர்டிலிருந்து பெயர்ந்து எங்கோ போய்விட்டது. மூன்று பேரும் தரையில் தவழ்ந்து தேடினார்கள். கடைசியில் அது ரப்பரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"இனி பென்சில் வேண்டாம் சார்," என்றான் வடசேரியில் வினோஜ். ரப்பரோடு கொண்டுபோன குறுணையை அவன் வாங்கவே இல்லை. அது இருந்த இடத்தில் மெல்லிய வயர் இரண்டு பற்றவைத்து, வெளியே ஒரு சின்னத் திருகைத் தொங்கவிட்டான். "ரேடியோ சத்தம் கூட்டுற மாதிரி ஸ்க்ரூடிரைவரால திருகுங்க. கூடக் கூடச் சூடாகும், காத்து வேணும். மூணு வோல்ட்டத் தாண்டாதீங்க. படத்தத் திரை முழுக்க வர்ற மாதிரி பெருசாக்கியும் விட்டிருக்கேன். மெமரி தாங்குதா இல்லியான்னு அப்பத்தான் தெரியும்."

அதுதான் கடைசி வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில் சாமியார் ஓலைப் பட்டியலை மூடுகிறார் என்று மத்தியாஸ் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்.

சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டர் மூடியில்லாமல் குடலைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் விலாவுக்கு நேராக டேபிள் ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. அந்தக் காற்றில் பெபிஷாவின் துப்பட்டா புயலில் மாட்டிய பாய்மரம்போல் அடித்துக்கொண்டது. பூவில் பாதி ஏற்கெனவே பறந்திருந்தது. கிளீட்டஸ் பெட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு கையில் மீட்டரும் மறு கையில் ஸ்க்ரூடிரைவருமாகத் தயாரானார்.

"கேள்விய நீ கேளு செசிலி. நான் வோல்டேஜப் பாத்துக்கிடுதேன்."

பெனின் வந்தான். திரை முழுக்க வந்தான். மீசையின் முடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது. செசிலி கொஞ்சம் பின்வாங்கி உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியா மக்கா?"

"சாப்பிட்டேன் அத்தை. மீன் குழம்பு."

"சளி?"

"போச்சு அத்தை."

"இப்பம் கேளு," என்றது பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல்.

செசிலி ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மக்கா, நாளைக்கு ஓலைக்குப் பேரு குடுக்கணும். லீவு என்னைக்கு?"

பெனினின் வாய் பாதி திறந்தது. நின்றது.

"நின்னுட்டு!"

"பொறு. ஏத்துதேன்." கிளீட்டஸ் திருகினார். "ரெண்டு எட்டு. அசையுதா?"

"இல்ல."

"ரெண்டு ஒம்பது. இப்பம்?"

"அசையல. ஆனா கண்ணுல தண்ணி மாதிரி ஒண்ணு நிக்குதுங்க."

"அது படத்தோட மினுக்கம். இன்னும் பத்தலன்னு அர்த்தம். மூணு!"

"அப்பா, சூடாவுது," என்றாள் பெபிஷா.

"ஆவட்டும். மக வாழ்க்கை. மூணு ஒண்ணு!" வினோஜ் போட்ட கோட்டைக் கிளீட்டஸ் தாண்டிவிட்டார். "மூணு ரெண்டு!"

பெட்டிக்குள்ளிருந்து கருகல் வாடை வந்தது. மெல்லிய ஒரு புகை இழை எழுந்து, ஃபேன் காற்றில் நேராகச் செசிலியின் முகத்துக்கு வந்தது. செசிலி இருமிக்கொண்டு திரும்பினாள். பெபிஷா சுவிட்சைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்தாள். கிளீட்டஸ் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விடாத! அணைச்சிராத! இன்னும் கொஞ்சந்தான், வந்துருவான்!"

அந்த நேரத்தில் ராகேல் கூடையோடு உள்ளே வந்தாள். வாசலில் மூன்று தடவை கூப்பிட்டும் யாரும் வரவில்லை என்று நேராக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். கூடையை இறக்கினாள். இத்தனை வாரமாக அந்தப் பெட்டியின் முதுகை மட்டுமே பார்த்தவள், இப்போது முன்பக்கத்துக்கு வந்து, திரை முழுக்க வாய் பிளந்து நின்ற மாப்பிள்ளையை நிதானமாகப் பார்த்தாள். இந்த மூலை, அந்த மூலை எல்லாம் பார்த்தாள். பிறகு மோவாயில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"கிளீட்டஸண்ணே, முன்னால இருக்க மாப்பிள்ளைக்குத்தான் வோல்டேஜ் பத்தலங்கிய, செரி, பின்னால ஒருத்தன் துவர்த்தால தலையத் தொவட்டிக்கிட்டு அங்கயும் இங்கயும் நடக்கானே, அவனுக்கு மட்டும் எங்கேருந்து வருது?"