யார் கடைசி?

அன்புள்ள எர்மினியா அக்காவுக்கு,

தம்பி எவரிஸ்தோவின் வணக்கமும் இரண்டு கன்னத்திலும் முத்தங்களும். சமோராவில் நீயும் அத்தானும் உங்கள் கோழிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய ஆட்டுப்பால் சீஸை ருதா கொண்டுவந்து கொடுத்தாள். என் முழங்கால் வலி போய்விட்டது, இப்போது அதற்கு வேலையே இல்லை.

விஷயம் இதுதான். நீ உடனே கிளம்பி வர வேண்டும். வியாழக்கிழமைக்குள் வந்தால் நல்லது. ஏன் என்று கேட்பாய். பதறாமல் படி.

என் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறாளே ருதா, லித்துவேனியாவிலிருந்து சட்டம் படிக்க வந்தவள், அவள் வந்த புதிதில் நாம் மூன்று மணிக்குச் சாப்பிடுகிற மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டு மணிக்கே தேடுவாள், பேராசிரியை பேசுவது பாதி புரியவில்லை என்று வகுப்பைப் பதிவு செய்து வந்து என் சமையலறையில் ஓடவிடுவாள், அந்த ரோமானியச் சட்டத்தைக் கேட்டுக் கேட்டு நானே பரீட்சை எழுதியிருக்கலாம். பதிலுக்கு நான் அவளுக்கு நம் ஊர் மரியாதைகளைச் சொல்லிக்கொடுத்தேன். முக்கியமாக ஒன்று. ரொட்டிக்கடையோ ஆஸ்பத்திரியோ, ஆட்கள் காத்திருக்கும் இடத்தில் நுழைந்ததும் "யார் கடைசி?" என்று கேட்க வேண்டும். "நான்" என்று ஒருவர் சொல்வார். அவருக்கு அடுத்தது உன் முறை, இனி நீதான் கடைசி, அவர் விடுபட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாராவது கேட்கிறார்களா? செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்து மரம் மாதிரி நிற்கிறார்கள். மரியாதை செத்துப்போன நாடு என்று நீயும் நானும் எத்தனை தடவை திட்டியிருப்போம்! ருதா அப்படியில்லை. மீன்கடையில் அவள் கணீரென்று கேட்டபோது கடைக்காரி, "யாரு வளர்த்த பொண்ணுய்யா இது?" என்று வியந்துபோனாள். முறுக்கிக்கொள்ள எனக்கு மீசை இல்லாததுதான் குறை.

அப்புறம் தேர்வு முடிவு வந்தது. பத்துக்கு ஐந்து எடுத்தால் தேர்ச்சி, இவளுக்கு நாலு புள்ளி ஒன்பது. இது போனால் அவள் ஊரில் உதவித்தொகை நின்றுவிடும், படிப்பும் அத்தோடு சரி. என் மேசைத் துணி நனைய அழுதாள். விடைத்தாளை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்கியிருந்தார்கள். "போய்க் கேளுடி, பேராசிரியை என்ன கடிச்சா வச்சிடுவாங்க?" என்று அனுப்பிவைத்தேன்.

மதியம் போன் வந்தது.

"மாமா, என் முறை வரவே மாட்டேங்குது."

"எத்தனை பேர் இருக்காங்க?"

"எல்லாரும் பார்த்துட்டுப் போயிட்டாங்க. அந்தம்மா கதவைத் திறந்து நேரா என்னையத்தான் பார்க்கிறாங்க, 'வேற யாரும் இல்லையா'ன்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்திடுறாங்க. நான் படியில இறங்கினாலும் மறுபடி இந்த பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்கேன்."

தேம்பித் தேம்பிச் சொன்னதை ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். இவள் மாடியேறிப் போனபோது மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து செல்போனில் மூழ்கியிருந்திருக்கிறார்கள். பெஞ்சின் ஓரத்தில் கோட்டும் டையுமாக ஒரு இளைஞன், மடியில் தொப்பி. இவள் வழக்கம்போல் "யார் கடைசி?" என்று கேட்க, அவன் மட்டும் நிமிர்ந்தானாம். கண்ணெல்லாம் தண்ணீர். "நான்தாங்க. பேராசிரியர் தோன் வெனான்சியோ சாரைப் பார்க்க உட்கார்ந்திருக்கேன். நீங்களாவது கேட்டீங்களே, ரொம்ப நன்றி" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டானாம்.

நான் முட்டை ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடினேன். தோன் வெனான்சியோ எந்த அறை என்று வாசல் காவலரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சுவரிலிருந்த எண்ணெய் ஓவியத்தைக் காட்டினார். அக்கா, அதன் கீழே எழுதியிருந்த வருஷப்படி அந்த மனிதர் போய்ச் சேர்ந்தபோது நம் அப்பாவுக்கே கல்யாணம் ஆகியிருக்காது.

இரண்டாம் மாடியில் ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்குகள். எனக்கு எரிந்தன. ருதா உட்கார்ந்திருந்த இடம் மட்டும் இருட்டு. அவள் இரண்டு கைகளையும் ஆட்டினாள், எரியவில்லை. "வாயைத் திறக்காதீங்க மாமா! அதை மட்டும் கேட்டுடாதீங்க!" என்று கத்தினாள்.

கவலைப்படாதே, எல்லாம் சுமுகமாக முடிந்தது. எப்படி என்பதெல்லாம் கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. அடுத்த நொடி அவள் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது, பேராசிரியை எட்டிப் பார்த்து "நீ எங்கம்மா போயிருந்தே இவ்வளவு நேரம்?" என்று உள்ளே கூப்பிட்டாள், கூட்டலில் பிழையாம், ஐந்தேகால். பெண் பாஸ்!

ஆகவே நீ வா. வீட்டுக்குப் போகாதே, பூட்டியிருக்கும். நேராகப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சட்டத்துறை இரண்டாம் மாடிக்கு ஏறு. நல்ல அகலமான பெஞ்சு, நான் அங்கேதான் இருப்பேன். ஏறி வந்ததும் நம் அம்மா பழக்கிய மரியாதைப்படி ஒரு வார்த்தை கேள். வேறொன்றும் வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம், கோழிகளுக்கு என் ஆசி. மாதா உன்னைக் கண்ணும் கருத்துமாகக் காக்கட்டும்.

உன் பாசமுள்ள தம்பி,
எவரிஸ்தோ

பின்குறிப்பு: அக்கா, வராதே. மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. ருதா தினமும் வகுப்பு முடிந்து இங்கே வந்து என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். தபாலில் சேர்க்கச் சொல்லி இதைக் கொடுத்தேன், படித்துவிட்டு, "சொந்த அக்காவையா மாமா?" என்றாள். கூசிப் போய்விட்டேன். அன்றைக்கு அவளிடம் "யார் கடைசி?" என்று நான்தான் கேட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பதில் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள். "பெரியவங்க கேட்டா வாயைத் திறந்து பதில் சொல்லணும். இதையா நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்?" என்று அதட்டினேன். அழுதுகொண்டே "நான்தான்" என்றாள்.

இப்போது கையை ஆட்டினால் எனக்கும் விளக்கு எரிவதில்லை. பயமாகத்தான் இருக்கிறது. தினமும் பிள்ளைகள் விடைத்தாள் கவலையோடு ஏறி வந்து என் பக்கத்திலேயே உட்காருகிறார்கள், செல்போனைத் தடவுகிறார்கள், ஒருத்தர்கூட வாயைத் திறந்து கேட்பதில்லை. மரியாதை கெட்ட பிள்ளைகள். கடவுள் அவர்களை அப்படியே வைத்திருக்கட்டும்.