ரியா நெஞ்சில் கேட்ட விசில்

இன்றைக்கு இருட்டினதும் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ரியாவைத் தூங்க வைக்க வேண்டும்.

லைட்டை அணைத்தேன். பக்கத்தில் படுத்தேன். தட்டிக் கொடுத்தேன்.

"கீ…ய்ங்."

கையை நிறுத்தினேன். மறுபடியும், "கீ…ய்ங்."

கொசுவா? பால்கனிக் கதவா? மெதுவாகக் குனிந்து ரியாவின் நெஞ்சில் காதை வைத்தேன்.

"கீ…ய்ங்!"

எனக்கு உயிரே போய்விட்டது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வீஸிங்! கொண்டுவந்து கொடுத்தது யார்? நான்தான், வேறு யார்!

விஷயம் தெரியாதவர்களுக்கு: ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு நர்ஸிங் ஹோமில் ஃப்ரன்ட் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். ஆபரேஷன், பிரசவம் எல்லாம் இல்லை. வயசானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். சேர்ந்த வாரமே சளி. அது போனதும் மெட்ராஸ் ஐ. அப்புறம் வயிற்றுப்போக்கு. அப்புறம் காய்ச்சல். இப்போது மறுபடியும் சளி. ரிவிஷன்!

"புதுசா வர்ற எல்லாருக்கும் இப்படித்தான்மா," என்றார் அங்கே சீனியர் நர்ஸான மெர்சி சிஸ்டர். "ஒரு பெட்ல ஆரம்பிச்சா அடுத்த பெட்டுக்குப் போகும். சண்டே ஆனா பேரப் பசங்க வேற புதுசா எதையாவது எடுத்துட்டு வருவாங்க. எங்க உடம்புக்குப் பழகிடுச்சு. உனக்கு எல்லாமே இப்பதான் அறிமுகம். மொதல் வருஷம் என் மூக்கு நிக்கவே இல்ல, தெரியுமா?"

அங்கேயே தங்கியிருக்கிற டேவிட் அங்கிள் ரயில்வேயில் ரிடயர்டு ஆனவர். தினமும் காலையில் என் மேஜை முன்னால் வந்து நிற்பார். "குட் மார்னிங்மா. இன்னைக்கு என்ன வந்திருக்கு?" பார்சல் ஆபீஸில் விசாரிக்கிற மாதிரி!

எனக்கு வந்தால் பரவாயில்லை. ரியாவுக்கு வந்தால்? அந்தப் பயத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் குளியல், துணியெல்லாம் வெந்நீரில், குழந்தை பக்கத்தில் படுத்தாலும் முகத்தில் மாஸ்க். இவ்வளவு செய்தும் விசில்!

"அருள்!"

என் கணவர் தோசைக் கரண்டியோடு ஓடி வந்தார்.

"ரியா நெஞ்சுல சத்தம் வருது. கேளு!"

குனிந்து கேட்டார். "கீ…ய்ங்." முகம் மாறிப்போச்சு.

"ஆமாடி, கேக்குது!"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினார். நான் பெட்ரூமில் நின்று டயப்பரையும் பால் பாட்டிலையும் பைக்குள் திணித்தேன்.

"ஏய், இங்க சத்தமே இல்லையே!"

ஓடினேன். "கீ…ய்ங்."

"இதோ இருக்கே!"

"அடக் கடவுளே, விட்டு விட்டு வருது!"

விட்டு விட்டு வந்தால் இன்னும் மோசம் என்று எங்கோ படித்திருக்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள்.

ரியாவின் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை கிளினிக் திறக்க மாட்டார். "உங்க நர்ஸிங் ஹோம்ல டியூட்டி டாக்டர் இருப்பாங்கல்ல?" என்றார் அருள். சாமானை வாங்கின கடைக்கே திருப்பிக் கொண்டுபோகிற மாதிரி, வீடு இருக்கிற ஜோகுபாளையத்தில் ஆட்டோ ஏறி, நர்ஸிங் ஹோம் இருக்கிற ஜீவனஹள்ளிக்குப் போனோம்.

ஆட்டோ சத்தத்தில் விசில் கேட்கவில்லை. "நின்னுடுச்சு போல," என்றார் அருள்.

"எது நின்னுடுச்சு?" என்று நான் அலறிய அலறலில் டிரைவர் ஒரு சிக்னலில் நிற்கவே இல்லை.

அங்கே ஹாலில் எல்லாரும் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏனாய்த்து? என்னாச்சு?" என்று கன்னடமும் தமிழுமாகப் பதறிக்கொண்டு வந்தார் டியூட்டி டாக்டர், சின்னப் பெண். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். டேவிட் அங்கிள் டிவி சவுண்டைக் குறைத்தார். ஹாலே அமைதி.

"கீ…ய்ங்."

"பாவம் குழந்தை," என்றார் ஒரு ஆன்ட்டி.

டாக்டர் ரியாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நெஞ்சில் வைத்தார். ரியா அந்தக் குழாயைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். டாக்டர் காதிலிருந்து அதைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"மேடம், நீங்க கொஞ்சம் மூச்சைப் பிடிங்க."

பிடித்தேன். சத்தம் நின்றது.

"விடுங்க."

"கீ…ய்ங்."

"மாஸ்க்கைக் கழட்டுங்க."

கழற்றினேன். சத்தம் இரண்டு மடங்கானது.

"டிரெயின் பிளாட்ஃபார்முக்கே வந்துடுச்சு!" என்றார் டேவிட் அங்கிள்.

"மூக்கைச் சிந்துங்க," என்றார் டாக்டர்.

இங்கேதான் சிக்கல். நான் ஒன்றாம் கிளாஸிலிருந்து கான்வென்ட். எங்கள் ஸ்கூலில் நாலு பேர் முன்னால் மூக்கைச் சிந்துவது, ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டிய அளவுக்குப் பெரிய குற்றம். யூனிஃபார்மில் கைக்குட்டை குத்தியிருக்கும், அது அழகுக்கு. சளி வந்தால் சத்தமில்லாமல் உள்ளேயே வைத்துக் காப்பாற்ற வேண்டும். இன்றுவரை காப்பாற்றி வந்திருக்கிறேன்.

"பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன், டாக்டர்…"

"இங்கயே சிந்தும்மா!" மெர்சி சிஸ்டர் டிஷ்யூவை நீட்டினார். "நாங்க பாக்காத மூக்கா?"

"எக்ஸ்க்யூஸ் மீ" என்று ஹால் முழுவதற்கும் சொல்லிவிட்டு, சிந்தினேன். அடைத்திருந்த காதுகூடத் திறந்தது. மூச்சை இழுத்தேன். விசில் இல்லை. விட்டேன். இல்லவே இல்லை!

எல்லாரும் கை தட்டினார்கள். ரியாவும் தட்டினாள்.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கா," என்றார் டாக்டர். "பேஷன்ட் நீங்கதான். சளி போற வரைக்கும் லீவ் போடுங்க, இவங்களுக்கெல்லாம் கொடுத்துடாதீங்க. குழந்தைகிட்டயும் தள்ளியே படுங்க."

வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஒண்ணுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. அருள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். கையை நன்றாக நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

வீட்டுக்குள் நுழைந்ததும் தீய்ந்துபோன தோசை வாசனை. மூக்கு வேலை செய்கிறது!

இப்போது அவர்கள் பெட்ரூமில். நான் ஹால் சோபாவில், போனில் இதை எழுதிக்கொண்டு. நடுவில் போய்க் கதவைத் திறந்து, "போர்வை போத்தினியா?" என்று கேட்டேன். போத்தியாச்சு. "ஃபேன் ஜாஸ்தியா இருக்கா?" என்று கேட்டேன். இல்லையாம். அப்புறம் மறுபடி போய், "மூச்சு விடறாளா?" என்று கேட்டேன்.

"விடறா. எழுப்பி அவளையே சொல்லச் சொல்லவா?" அருள் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"டக்."

உள்ளேயிருந்து தாழ்ப்பாள். இன்றைக்குக் கேட்ட சத்தங்களிலேயே என்னைப் பயமுறுத்தாத ஒரே சத்தம்.