கவரைப் பிரிக்குமுன் ஆற்றிய உரை

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன், நடுவராக அல்ல. நடுவர்கள் இதுவரை எனக்குக் கோப்பைகளை மட்டுமே தந்திருக்கிறார்கள். ஆகவே அவர்களுடைய அறிவின்மீது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நீங்கள் தீர்ப்பு எதுவும் சொல்ல வேண்டாம். ஓரமாக நின்று, நடந்ததைப் பார்த்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தால் போதும். (எந்த இடம் என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.)

நான் பேச்சாளன். ஒரு தலைப்பைக் கொடுத்தால் காலையில் ஆதரித்தும் மாலையில் எதிர்த்தும் ஒரே ஆவேசத்தோடு முழங்கக் கூடியவன். தண்ணீர் ஈரமானது என்று நீங்கள் சொன்னால், அது அவசரமான முடிவு என்று நிறுவிவிட்டுத்தான் கீழே இறங்குவேன்.

மேடைக்கு வருமுன் எனக்கு வேறொரு திறமை இருந்தது. வரைவேன். பள்ளியில் ஆசிரியர்கள் என்னை நிற்கவைத்துத் திட்டும்போதெல்லாம் என் கை என்னைக் கேட்காமலேயே நோட்டின் ஓரத்தில் அவர்களை வரைந்துகொண்டிருக்கும். கணக்கு ஆசிரியர் ஒட்டகமாக வந்தார். அவர் அதைப் பார்த்தார். அன்று மேலும் திட்டினார். எனவே ஒட்டகத்துக்கு ஒரு குட்டியும் பிறந்தது. பிறகு மைக் கைக்கு வந்தது, பென்சில் கையைவிட்டுப் போனது. ஆயினும் "அடிப்படையில் நான் ஓர் ஓவியன்" என்று சொல்லிக்கொள்வதை மட்டும் நான் நிறுத்தவில்லை. சொல்வதற்குப் பென்சில் தேவையில்லையே!

இதை உண்மையென்று நம்பிய ஒரே உயிர் என் அக்கா மைதிலி. திருப்பூரில் பிறருடைய பனியன் கம்பெனிகளில், ஆர்டர்களைக் கட்டி மேய்க்கும் மெர்ச்சண்டைசராக வருடக்கணக்கில் ஓடியவள். கழுத்தில் எப்போதும் ஒரு அளவு டேப், காதுக்கும் தோளுக்கும் நடுவே எப்போதும் ஒரு போன். அவள் வேலையை விட்டுவிட்டு, சொந்தப் பெயரில் குழந்தைகளுக்கான டி-ஷர்ட் தொடங்க முடிவு செய்தாள். அவளுடைய கணவர், எங்கள் செந்தில் மாமா, நெருப்பெரிச்சல் என்ற பகுதியில் சிறியதாக ஒரு பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறார். துணி இருந்தது, தையல் இருந்தது, அச்சு இருந்தது. படம்தான் இல்லை.

"ஊரு பூரா அதே பாண்டா கரடிதான் கண்ணு. பனியனக் கவுத்துப் போட்டாலும் பாண்டாதான் எட்டிப் பாக்குது," என்றாள் அக்கா. "எனக்கு நீ உங்கையால ஒரு படம் போட்டுக் குடு. வியாழக்கெழம ஏஜென்ட்டம்மா சாம்பிள் பாக்க வர்றாங்க. அவங்களுக்குப் புடிச்சாத்தான் நம்ம கடை தொறக்கும். இல்லீன்னா நான் மறுபடியும் போயி இன்னொருத்தன் கம்பெனியில குட்மார்னிங் சொல்லோணும்."

வேறொருவன் என்றால் அன்றே உட்கார்ந்து வரைந்திருப்பான். நானோ எழுந்து நின்று பேசினேன்.

"அக்கா, கலை என்பது ஆர்டர் கொடுத்து வாங்குகிற சரக்கல்ல. அது உள்ளிருந்து ஊறி வர வேண்டும். ஊற்றை யாரும் கையால் பிடித்து இழுக்க முடியாது. காத்திருக்க வேண்டும்!"

"அது எப்ப ஊறுமுங்க மாப்ள?" என்று மாமா பயபக்தியோடு கேட்டார். "இல்ல, பிரஷ்ஷர் குடுத்தா கொஞ்சம் சீக்கிரம் வருமானு கேட்டேன்."

காத்திருக்கத் தொடங்கினேன். வாசகரே, காத்திருப்பது எவ்வளவு கடுமையான உழைப்பு என்பதைப் பலர் அறியமாட்டார்கள். முதலில் மேசையை ஒழுங்குபடுத்தினேன். மேசை சன்னலைப் பார்த்திருப்பது ஊற்றுக்கு இடையூறு என்று தோன்றவே சுவரைப் பார்க்கத் திருப்பினேன். சுவர் அதைவிட இடையூறாக இருந்தது. உயர்ந்த ரகப் பென்சில்கள் வாங்கினேன். அவற்றைச் சீவச் சீவக் கூர்மை கூடியது, நீளம் குறைந்தது, தாள் அப்படியே இருந்தது. உள்ளுணர்வால் ஓவியம் வரைவது எப்படி என்று போனில் பல வீடியோக்களைப் பார்த்தேன். எல்லோரும் "யோசிக்காதீர்கள், தொடங்குங்கள்" என்றே முடித்தார்கள். அந்தக் கருத்தைப் பற்றி வெகுநேரம் யோசித்தேன்.

ஆடுமாடுகளைப் பார்த்தால் ஊறும் என்று குன்னத்தூர் சந்தைக்கும் போனேன். போன இடத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பேச ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். (மைக் இருக்குமிடம் எனக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும்.) கொடுத்த தலைப்பு, 'இன்றே செய்!' தள்ளிப்போடுவோரைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். உரையின் உச்சத்தில் என் சட்டைப் பையில் ஏதோ துடித்தது. என் இதயம்தான் இளைய தலைமுறைக்காகத் துடிக்கிறது என்று எண்ணினேன். இறங்கி வந்து பார்த்தால் வரிசையாக அக்காவின் மிஸ்டு கால்கள்.

புதன்கிழமை பிற்பகலில் அக்காவின் கட்டளைப்படி நெருப்பெரிச்சல் யூனிட்டில் உட்கார்த்திவைக்கப்பட்டேன். மாமா என் முன்னால் ஒரு கட்டு டிரேசிங் தாளும் கருப்பு மார்க்கரும் வைத்தார். "இந்தத் தாள்ல நீங்க கருப்புல போட்டாப் போதும் மாப்ள. அப்படியே ஸ்கிரீன்ல ஏத்தி அடிச்சர்லாம். சும்மா கிறுக்குனாக்கூட விழுந்துரும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

தையல் யூனிட்டிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"போட்டாச்சா?"

"அக்கா, படைப்பு மனம் என்பது…"

"ஏண்டா, படைப்பு மனமா? தட்டுல போட்ட சோத்தத் திங்கறதுக்கே தலைப்பு கேக்கறவன் நீயி! என்ன நம்பி நூலுக்காரன் நிக்கறான், டைலருங்க நிக்கறாங்க, உன்ன நம்பி நான் நிக்கறேன். நீ யார நம்பிடா உக்காந்துட்டு இருக்கே?"

அவள் திட்டினாள், நான் மறுத்தேன். அவள் மேலும் திட்டினாள். நான் மேற்கோளில்லாமலேயே மேலும் மறுத்தேன். அந்த நேரம் முழுவதும் என் வலக்கையில் மார்க்கர் இருந்தது என்பதும், அந்தக் கை சும்மா இருக்கவில்லை என்பதும் என் கவனத்துக்கு வரவே இல்லை. விவாதத்தில் இருப்பவன் கையைப் பார்ப்பானா?

போனை வைத்ததும் பேரொளி பிறந்தது. எதையும் வரையாவிட்டால் என்ன? வெறுமையே ஓவியமாகக் கூடாதா? உலகமே பாண்டாக்களால் நிரம்பி வழியும்போது ஒரு கோடுகூட இல்லாத வெள்ளைச் சட்டை எத்தனை பெரிய புரட்சி! வரையாமல் தப்பித்தேன் என்று நினைக்காதீர்கள். (அப்படித்தான் தப்பித்தேன்.) ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கட்டின் உச்சியில் நேர்த்தியாக வைத்தேன். "மேசை மேல வெச்சுட்டேனுங்க்கா" என்று அக்காவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். படைப்பாளிக்குரிய அமைதி வேண்டி போனை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் ஆற்ற வேண்டிய உரையைக் கண்ணாடி முன் நின்று தயாரித்தேன்.

இனி நடந்ததை நான் பிற்பாடே அறிந்தேன். ஸ்கிரீன் போடும் இப்ராஹிம் பாயிடம் மாமா, "படம் மேசை மேல இருக்குதாமாங்க பாய், ஏத்தீருங்க" என்றார். பாய் வந்து பார்த்தார். என் புரட்சியை, தூசி படாமலிருக்க மேலே மூடிய தாள் என்று எண்ணி எடுத்து ஓரமாக வைத்தார். அடியில் ஒரு படம் இருந்தது. ஏற்றினார்.

வியாழக்கிழமை காலை. யூனிட்டின் முன்னறையில் ஏஜென்ட் ஜெயராணி அம்மா உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்து, இன்று எந்தச் சட்டை எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்பவர். அவர் முகத்தில் சிரிப்பு வருவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டுதான் வரும் போலிருந்தது. அக்கா அவருக்கு எதிரே விரல்களைக் கோத்துப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்போதுதான் இஸ்திரி முடிந்து, காகிதக் கவரில் போட்டு ஒட்டிய சாம்பிள்களை மாமா கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஏஜென்ட் அம்மாவை வரவேற்பதிலேயே காலை கழிந்ததால் அக்கா அவற்றைப் பார்த்திருக்கவில்லை.

கவரை நோக்கி அக்காவின் கை நீண்டது. நான் தடுத்தேன்.

"ஒரு நிமிடம்! இதை நீங்கள் காணுமுன் என் சொல் வழியாகக் காண வேண்டும்."

எழுந்தேன். மாமாவின் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அதை ஆவல் என்று கொண்டேன்.

"அம்மா அவர்களே! நிறைந்திருப்பது கலையன்று, நிறைக்க மறுப்பதே கலை. இந்தச் சட்டையில் ஒரு கோடு இல்லை. ஒரு புள்ளி இல்லை. கரடி இல்லை, கார் இல்லை, கார்ட்டூன் இல்லை!"

மாமா என் சட்டையின் பின்புறத்தை மெல்ல இழுத்தார். நேரம் முடிந்தது என்று மணியடிப்பவர்களை நான் எந்த மேடையிலும் மதித்ததில்லை.

"மாப்ள…"

"குறுக்கிடாதீர்கள்! இங்கே இருப்பது வெறுமை. அழியாத, அப்பழுக்கற்ற வெறுமை. இதைப் பார்க்கும் குழந்தை தன்னையே காணும். இதைப் பார்க்கும் தாய் பேச்சற்றுப் போவாள். இதோ, பாருங்கள்!"

கவரைக் கிழித்து, சட்டையை உதறி, தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தேன்.

யாரும் கைதட்டவில்லை. உண்மையிலேயே பேச்சற்றுப்போனார்கள். ஜெயராணி அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, ஒண்ணுமே இல்லன்னு சொன்னியள்லா? அப்ப இது யாரு?"

சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நெஞ்சு நிறைய ஒரு கோழி. கழுத்தில் அளவு டேப். இறக்கைக்கும் காதுக்கும் நடுவே ஒரு போன். ஒற்றைக் காலைத் தூக்கி, அலகை அகலத் திறந்து, உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தது. அதிலே உயிர் இருந்தது. அது யாருடைய உயிர் என்பதில்தான் எனக்கு நடுக்கம்.

"டேய்ய்ய்…" என்றாள் அக்கா. கழுத்தில் டேப். தோளில் போன். விரல் உயர்ந்து வாய் திறந்தது.

ஏஜென்ட் அம்மா சட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். மறுபடியும் சட்டையைப் பார்த்தார்.

"வாலு ஒண்ணுதான் கொறையுது," என்றார்.

மாமா சிரித்துவிட்டார். (அதற்கான தண்டனையை அவர் தனியாக அனுபவித்தார்.) "பாத்தீங்களே, சொல்ல வேண்டாமா?" என்று அக்கா அவர்மேல் பாய்ந்தாள். "நீங்க அக்காளும் தம்பியும் பேசி வெச்சதுன்னு நெனச்சேனம்மா. நமக்கெதுக்கு வம்புன்னு…" என்றார் அவர்.

ஜெயராணி அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அக்காவின் முகத்திலிருந்து கோழி மறைந்து, மீண்டும் யாருக்கோ குட்மார்னிங் சொல்லப்போகிற பெண் தெரிந்தாள். நான் சட்டையை மடித்துக் கிழிந்த கவருக்குள் திரும்பச் செருகப் பார்த்தேன்.

"ஒத்தக் கோழிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? கடைக்கு ஒரு செட்டாக் கேப்பான்," என்றார் அவர். "நான் போயிச் சாப்ட்டுட்டு வாரேன். அதுக்குள்ள இதே மாதிரி உசுரா இன்னுங் கொஞ்சம் போட்டு வைங்க. இல்லன்னா அடுத்த யூனிட்டுல ஒரு பாண்டா எனக்காகக் காத்துக்கிட்டுக் கெடக்கு."

உட்கார்ந்தேன். முழு உணர்வோடு, முழு முயற்சியோடு ஒரு பசு வரைந்தேன். வங்கிக் காலண்டரில் வருகிற பசு, மரியாதையாக நின்றது. இன்னொரு தாளில் ஓர் ஆடு. பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் இருந்தது. "கொஞ்சம் அமைதி கிடைத்தால்…" என்று தொடங்கினேன்.

அக்கா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். "அந்தக் கோழிய எப்படா போட்டே?"

"நேத்து… நீங்க திட்டீட்டு இருக்கறப்பங்க்கா."

அக்கா தாளை என் முன்னால் திரும்ப வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வாசகரே, கவனியுங்கள்: அவளுக்கும் ஊறவில்லை!

"திடீர்னு திட்டுன்னா எப்படித் திட்டறதுங்க? சிரிப்பு வருதுங்களே!" என்றாள் மாமாவிடம்.

"உன்ற ஸ்கூட்டி விசயத்தச் சொல்லும்மா," என்று மாமா எடுத்துக்கொடுத்தார். "கோயிலுக்கு எடுத்துட்டுப் போன மாப்ள அதை அங்கியே மறந்துட்டு பஸ்ஸுல வந்து, பொய் சொல்லிச் சமாளிச்சாரே."

அவ்வளவுதான். அணை திறந்தது. ஸ்கூட்டியில் தொடங்கி, என் கல்லூரிக் கட்டணம், குன்னத்தூர் உரை, அவளுடைய கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் நான் மைக்கை விடாதது என்று வெள்ளம் ஊரைச் சுற்றி வந்தது. பதில் சொல்ல எனக்கு இடமில்லை. போக இடமில்லாத என் பேச்செல்லாம் கைக்கு இறங்கியது. நான் தாளைப் பார்க்கவில்லை. அவள் நிறுத்தியபோது அசைபோடும் எருது ஒன்று (மாமா), ஊசியில் கால் மாட்டிக்கொண்ட ஆடு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சேவல். மேடைமேல் ஏறி, கண்ணை மூடி, மைக்கை விழுங்கும் அளவுக்கு வாயைத் திறந்திருந்தது. எதிரே ஒரு நாற்காலிகூட நிறைந்திருக்கவில்லை.

ஜெயராணி அம்மா திரும்பி வந்தார். சேவலின் முன் நெடுநேரம் நின்றார்.

"இது யாரு?"

"அது எங்க தம்பிங்க," என்றாள் அக்கா.

"தெரியுது," என்றார். சோதனைக்காக ஒரு சிறிய ஆர்டர் தந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "கை நல்லாத்தான் இருக்கு தம்பி. வாயி குறுக்க நிக்குது. கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்க," என்றார். என் வாழ்வில் நான் பெற்ற ஒரே நியாயமான தீர்ப்பு அது.

அக்காவின் கடை திறந்தது. இன்றும் சேவல் சட்டை போட்ட குழந்தைகள் எதிர்ப்படுகிறார்கள். என் முகத்தின்மேல் எச்சில் வடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சீசன் மாறும்போதெல்லாம் அக்கா போன் செய்து, நலம்கூட விசாரிக்காமல், "மார்க்கர் கையில இருக்குதா?" என்று உறுதிசெய்துகொண்டு திட்டத் தொடங்குகிறாள். திட்ட விஷயம் தீர்ந்துபோனால் எங்கள் அம்மாவிடம் கடன் வாங்குகிறாள். உறவினர் விசேஷம் எதிலாவது நான் மைக்கைத் தொட்டால் போதும், பந்தலின் பின்வரிசையிலிருந்து மாமாவின் குரல் வந்துவிடும்: "மாப்ள, மொதல்ல கவரப் பிரிச்சுட்டுப் பேசுங்க!"

அன்று ஏஜென்ட் அம்மாவின் கார் தெருமுனை திரும்பியதும் அக்கா என் கையிலிருந்த மார்க்கரைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே இப்படிப் பண்ணமாட்டேன்னு சொல்லு."

நான் தொண்டையைச் செருமினேன். "காலம் என்னும் பெருவெளியில்…"

"கதிரு."

பாயும் மாமாவும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசகரே, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். மைக் இல்லாமல், மேற்கோள் இல்லாமல், எல்லோர் காதிலும் விழும்படி நான் சொன்னது இவ்வளவுதான்:

"படத்தப் போட்டு முடிக்கற வரைக்கும் அதப் பத்தி வாயே தொறக்கமாட்டேனுங்க்கா."