ஆளுக்கு ரெண்டே பேர்

இனி வாயையே திறப்பதில்லை என்று கவுஸ் பாஷா சபதம் எடுத்தபோது, கொட்டவேண்டியதை எல்லாம் கொட்டி முடித்திருந்தார்.

பாவம், கெட்ட மனிதர் இல்லை. செங்கம் ரோட்டில் மெத்தைக் கடை. ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் நிம்மதியாகத் தூங்குவதே அவர் அடைத்த பஞ்சின்மேல்தான். தன் வாயை அடைக்கத்தான் அவருக்குப் பஞ்சு போதவில்லை. மனைவி மெஹ்ருன்னிசா வீட்டிலேயே பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள்.

அன்று காலை நாஷ்டா வைத்துக்கொண்டே சொன்னாள். "இந்த மாசத்தோட டியூஷனை நிறுத்திடப் போறேன். யாருக்கும் சொல்லாதீங்க."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

டீக்கடை சக்கரவர்த்தியிடம் சொன்னார். அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான்.

சாயங்காலம் வாசலில் பிள்ளைகளின் அம்மாக்கள் முப்பத்திரண்டு பேர். அவர்களில் சந்திரகலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மெஹ்ருன்னிசா ஒவ்வொருவரையும் யார் சொன்னது என்று விசாரித்து, சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

"சக்கரவர்த்திகிட்ட சொன்னீங்களா?"

"நானா? சேச்சே."

"எல்லாரும் உங்களை மாதிரி நல்லவங்க. ஆளுக்கு ரெண்டு பேருக்குத்தான் சொல்லியிருக்காங்க. கடைசியா கேட்டவங்க முப்பத்திரண்டு. அவங்களுக்குச் சொன்னவங்க பதினாறு. அதுக்கு முன்ன எட்டு, நாலு, ரெண்டு. இன்னொரு தடவை பாதியாக்கினா ஒண்ணு. அந்த ஒண்ணு டீ ஆத்திக்கிட்டு நிக்கிது."

"ரெண்டு பேருன்னா கம்மிதானே மெஹ்ரு?"

"கூட்டினா கம்மி. இது அடுக்கு. ரெண்டை ரெண்டால பெருக்கி, அதையும் ரெண்டால பெருக்கி ஏறிக்கிட்டே போவும். எத்தனை அடுக்கு ஏறுச்சுன்னு திரும்பி வந்து பாத்தா மடக்கை. ஆளுக்கு எத்தனை பேருக்குச் சொன்னாங்கன்னு பாத்தா மூலம். எந்தப் பக்கமா இறங்கினாலும் அடியில நீங்கதான் உக்காந்திருக்கீங்க."

கவுஸ் பாஷா தலையைத் தொங்கப் போட்டார். "சரி, டியூஷனை ஏன் நிறுத்துறே?"

"யாரு நிறுத்தினா? உங்ககிட்ட வேற ஒண்ணு சொல்ல இருந்தேன். அதுக்கு முன்னாடி சோதனைக்கு இதைச் சொல்லிப் பாத்தேன்."

"அது என்ன?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

அன்றுதான் சபதம். கடையில் விலையைக்கூட விரலால் காட்டினார். சக்கரவர்த்தியிடம் டீயைச் சைகையில் கேட்டார். வாரங்கள் போயின. மெஹ்ருன்னிசா மட்டும் அந்த 'வேற ஒண்ணை' எடுக்கவே இல்லை. அது என்னவாக இருக்கும் என்ற ஆவல் அவரை அரித்தது. எதற்கு அந்த டீக்கடைக்குப் போனோம் என்று தினமும் தன்னையே நொந்துகொண்டார்.

ஒருநாள் காலையில் சக்கரவர்த்தி ஓடிவந்து கட்டிக்கொண்டார். "பாய், தாத்தா ஆவப் போறீங்களாமே. என்கிட்டகூட சொல்லலியே. இவ்ளோ அழுத்தமா நீங்க?"

கவுஸ் பாஷா கடையைத் திறந்துபோட்டபடியே வீட்டுக்கு ஓடினார். கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் பர்சானா. கல்யாணமாகி நாலு வருஷமாக அவர் துவா கேட்டது இந்த ஒரு சேதிக்குத்தான்.

"எனக்கு ஏன் சொல்லல?" கண் கலங்கிவிட்டது.

"மூணு மாசம் ஆகாம வெளியே தெரியக் கூடாதுன்னு பர்சானா பயந்தா. நேத்தோட முடிஞ்சது. நானே வீடு வீடா போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

"இனிமே சத்தியமா யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன் மெஹ்ரு."

"தாராளமா திறங்க. சொல்றதுக்கு யாரு பாக்கி?"