சக்கரமில்லாத காரில் உங்கள் தங்கை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்பதில் காரும் சேர்த்தி. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். குறையாவிட்டாலும் பாதகமில்லை, ஞாயிற்றுக்கிழமை தாங்கள் இங்கு வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பழைய இரும்புக் கடைக்காரரோடு வந்து என் காரை எடைக்கு விற்றுத் தள்ளிவிடுவதாகத் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்களாம். தெருமுனையில் நான் பிரேக்கை மிதித்த மிதிக்கு நிற்காமல் அது பல் டாக்டர் வீட்டு வேலிக்குள் மூக்கை நுழைத்தது உண்மைதான், அன்றிலிருந்து உங்கள் தங்கை அதில் ஏறுவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் மச்சான், அவள் இல்லாமல் அந்தக் காரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பக்கத்து சீட் காலியாக இருந்தால் வழி தவறினால்கூடத் திட்ட ஆளில்லை. அவளை மறுபடி ஏற வைப்பதற்காகவே முன்சக்கரங்களின் காலிப்பர் இரண்டையும் நானே கழற்றினேன். சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிற இரும்புதான் காலிப்பர். உள்ளே ஒரு பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதை வெளியே தள்ளக் காற்றடிக்கும் மோட்டாரை இரவல் வாங்கிவந்து கொஞ்சமாகத்தான் காற்று விட்டேன், அது டப்பென்று பறந்துபோய் உங்கள் தங்கை ஊறவைத்திருந்த துணி வாளிக்குள் குதித்தது, பின்னாலேயே பிரேக் ஆயிலும் போனது. உள்ளே இருந்த என் வெள்ளைச் சட்டை இப்போது கார் துடைக்கிறது.

அத்தோடு விட்டிருக்கலாம். எப்படியும் கழற்றிவிட்டோம், அழகாகவும் ஆக்கிவிடலாமே என்று புத்தி போயிற்று. பவுடர் கோட்டிங் செய்பவரிடம் கொண்டுபோனேன். மணலைப் பீய்ச்சித் துருவையெல்லாம் உரித்துவிட்டு, வண்ணப் பொடியை ஒட்டவைத்து, ஆள் உயர அடுப்பில் வேகவைத்துத் தருகிறார். என்ன நிறம் என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு மாதிரித் தகட்டையும் வெயிலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுக் கடைசியில் சிவப்பு என்றேன். வீட்டில் கேட்டாளே ஒரு கேள்வி! "எனக்குத் துணி எடுக்க வந்தா அஞ்சு நிமிஷத்துல கால் வலிக்குதும்பீங்க. சக்கரத்துக்கு உள்ள இருக்கிற இரும்புக்கு அரைநாள் நின்னு கலர் பாத்தீங்களா?" ஆனாலும் காலிப்பர்கள் வந்து இறங்கியபோது அவளே ஒன்றைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

புது ரப்பர் வளையம், புது பிஸ்டன் எல்லாம் போட்டு மாட்டியாயிற்று. இனி குழாய்க்குள் நிற்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். தயங்கித் தயங்கிக் கூப்பிட்டேன். அவள் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "முன்னால சக்கரமே இல்ல, இது எங்க ஓடப்போகுது" என்று ஏறி உட்கார்ந்தாள். மிதி என்றேன், மிதித்தாள். விடு என்றேன், விட்டாள். கல்யாணமான நாள் முதல் நான் சொன்னதை அவள் உடனே செய்த பிற்பகல் அது ஒன்றுதான் மச்சான், அதனால் காற்று வராவிட்டாலும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாட்டில் பாட்டிலாக ஆயில் ஊற்றியும் பிரேக் மட்டும் பஞ்சுத் தலையணையாகவே அமுங்கிற்று. கடைசியில் அவளே இறங்கிவந்து குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, காத்து மேலதானே ஏறும்? நீங்க தொறக்கிற திருகு அடியில இருக்கே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடது, வலது என்று நான் காலிப்பர்களில் பெரிதாக எழுதித்தான் வைத்திருந்தேன், அந்த எழுத்தும் துருவோடு மணலில் போய்விட்டது, சிவப்பு மயக்கத்தில் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். சிரித்தாள் பாருங்கள், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கும் தாங்கவில்லை. மாற்றி மாட்டியதும் காற்று புஸ்ஸென்று வந்தது. "கல்லு மாதிரி நிக்குதுங்க!" என்று உள்ளிருந்து கத்தினாள். அந்த நிமிடம் நான் பட்ட சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சக்கரத்தை மாட்டியதும் இறங்கிவிட்டாள். "ஓடுற வண்டில ஏற மாட்டேன்" என்கிறாள். ஆகவே தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரேக்குக்கு நான் பொறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று சொல்லுங்கள். இரும்புக் கடைக்காரரையும் நிறுத்திவிடுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உங்கள் தங்கை படித்துவிட்டாள். "அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன், ஏறுங்க" என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். மச்சான், எனக்குத்தான் கால் எழவில்லை. மாட்டியது யார் என்று எனக்கல்லவா தெரியும்! அவள் மட்டும் தெருமுனைவரை போய், வேலிக்கு முன்னால் கச்சிதமாக நிறுத்தி, திரும்பி வந்து கதவைத் திறந்துவிட்டாள். ஏறிவிட்டேன். இந்த வரிகளைப் பக்கத்து சீட்டிலிருந்துதான் எழுதுகிறேன், உங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறோம், வழியை நான்தான் தவறாகச் சொல்கிறேனாம். தபாலில் போட நேரமில்லை. இந்தக் கடிதம் என் கையாலேயே உங்கள் கைக்கு வந்தால், பிரேக் பிடித்துவிட்டது என்று அறியவும்.